நரம்புக்கலங்களை வரைந்த மேதை கஹால்



பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்வோரை இக்காலத்தில் பெரும்பாலும் இரண்டு எண்களைக் கொண்டே அளவிடுகின்றார்கள். ஒருவர் எத்தனை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார் என்பது ஒன்று. அக்கட்டுரைகளைப் பிற அறிஞர்கள் தத்தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள் என்பது மற்றொன்று. பின்னதை மேற்கோள் எண்ணிக்கை என்பர். பதவியும் பணவுதவியும் இவ்வெண்களைப் பார்த்து வழங்கப்படுவதும் உண்டு. உங்கள் அண்ணன்மாரோ அக்காமாரோ பல்கலைக்கழகத்திற் பயில்வார்களாயின் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதுபற்றி நிறையச் சொல்வார்கள்.

மேற்கோள்களை ஒழுங்காக எண்ணித் தொகுக்கும் பேரட்டவணையொன்றை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1964 ஆம் ஆண்டில் தொடக்கினார். இங்கே நான் சொல்லப் புகுந்த மனிதர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆயினும் நரம்பியல் ஆய்வாளர்கள் அவருடைய எழுத்துக்களை இன்றும் ஆண்டுதோறும் எடுத்துக் காட்டி வருகின்றனர். ஆனால், அவர் தமது மிகப் பெரிய கண்டுபிடிப்பை வெளியிட்ட 1888 ஆம் ஆண்டில் எவராவது இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விடை பூச்சியத்துக்கு அண்மையிலேயே நின்றிருக்கும். அவர் எழுதிய மொழியை ஐரோப்பாவின் பெரிய ஆய்வுகூடங்களில் வாசிப்பார் அனேகமாக இருக்கவில்லை.

அவர் பெயர் சந்தியாகோ ரமோன் இ கஹால். ஸ்பெயின் நாட்டவர். அந்நாட்டு வழக்கப்படி ரமோன் என்பது தந்தை வழி வந்த பெயர்; கஹால் என்பது தாய் வழி வந்த பெயர். உலகம் அவரைத் தாயின் பெயராலேயே அறிந்திருக்கின்றது.

கஹால் 1852 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆந் திகதி, வட ஸ்பெயினின் மலைக் கிராமங்களுள் ஒன்றாகிய பெத்தில்யா தே அரகோனிற் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன் ஒரு கிராமத்துச் சத்திரசிகிச்சையாளர். வறிய குடும்பத்திற் பிறந்து, சவரத் தொழிலோடு சிறு வைத்தியமும் செய்த ஒருவரிடம் வேலை பழகி, பின்னர் பார்சலோனாவுக்குக் கால்நடையாகச் சென்று படித்து முன்னுக்கு வந்தவர். இவ்வாறு உயர்ந்த தந்தையர் தம் பிள்ளைகளிடம் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதை நம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகன் வைத்தியனாக வேண்டும் என்பது அவர் முடிவு.

மகனோ படம் கீறுவதற்கென்றே பிறந்தவன் போல வளர்ந்தான். சுவர் கண்டால் சுவரில், தாள் கண்டால் தாளில் கீறினான். குழப்படியிலும் குறைவில்லை. பதினொரு வயதிற் சொந்தமாகப் பீரங்கியொன்று செய்து அயலவரின் படலையைத் தகர்த்ததால் சில நாட்கள் சிறையிருந்தவன் அவன். ஓவியத்தில் மகனுக்குத் திறமை உண்டோ என அறிய விரும்பிய தந்தை, கோயிற் சுவருக்குச் சாந்து பூச ஊருக்கு வந்திருந்த தொழிலாளி ஒருவரிடம் அவன் வரைந்த படத்தைக் காட்டினார். அவர் அதிற் குற்றங்களையே கண்டார். அத்தோடு தீர்ப்பும் முடிந்தது. வர்ணங்களும் தூரிகைகளும் வீட்டிலிருந்து மறைந்தன. படிப்பில் அக்கறை காட்டாதபோது மகனைச் சவரத் தொழிலாளி ஒருவரிடமும் பின்னர் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார் தந்தை. சப்பாத்துத் தைப்பதிலும் பையன் கெட்டிக்காரனாகத் தேறியது வேறு கதை.

பெற்றோரே, இந்த இடத்தில் நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்த காலத்தில், பாடம் நடக்கும்போது கொப்பியின் ஓரத்திற் படம் கீறிய மாணவர் பலரை நான் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அவர்களுள் எவரையேனும் இன்று சந்திக்க நேர்ந்தால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே சமாதானத்தை உண்டாக்கியவை எலும்புகள். 1868 ஆம் ஆண்டுக் கோடையில், உடற்கூற்றியலை மகனுக்குக் கற்பிக்க எண்ணிய ஹுஸ்தோ ரமோன் அவனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பழைய புதைகுழிகளிற் கிடந்த எலும்புகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீறச் செய்தார். மனப்பாடத்தை வெறுத்த பையன் எலும்பின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பென்சிலாற் கற்றான். படம் கீறாதே என்று தடுத்த தந்தையே படம் கீறச் சொல்லிக் கற்பித்தார். பிற்காலத்திற் சரகோசா நகரில் உடற்கூற்றியல் கற்பித்த தந்தை, மகன் வரைந்த படங்களைச் சேர்த்து ஒரு நூலே வெளியிட எண்ணினார் என்றால், அவர் மனம் எவ்வளவு மாறிவிட்டது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

சரகோசாவில் 1873 ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்ற கஹால் உடனேயே படைக்கு எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, ஸ்பெயினின் குடியேற்ற நாடாயிருந்த கியூபாவுக்குப் படை வைத்தியராக அனுப்பப்பட்டார். அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்து வைத்திய முகாமில் நோயாளரைப் பார்த்த வைத்தியரே மலேரியாவுக்கு இரையானார். 1875 இல் மெலிந்து வெளிறிய உடலோடு நாடு திரும்பினார். சில ஆண்டுகளிற் சயரோகமும் பிடித்து, வாயால் இரத்தம் வந்தது. அதிலிருந்தும் தப்பினார். கியூபாவிலிருந்து அவர் கொண்டுவந்த நன்மை ஒன்றே ஒன்று: படையிற் சேமித்த சிறிதளவு பணம். அப்பணத்தைக் கொண்டு நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கினார். வீட்டின் ஒரு மூலையே அவருடைய முதல் ஆய்வுகூடமாயிற்று.

1879 இல் சில்வேரியா ஃபஞானாஸ் என்ற பெண்ணை மணந்தார். திருமணத்தோடு இவனுடைய ஆராய்ச்சி முடிந்தது என்றார்கள் நண்பர்கள். ஏழு பிள்ளைகளையும் அற்ப வருமானத்தையும் வைத்துக்கொண்டு அந்த அம்மையார் குடும்பத்தை நடத்திய விதத்தை அறிந்தபின் அந்த நண்பர்கள் தம் சொல்லை மீளப் பெற்றிருக்க வேண்டும்.

1883 இல் வலென்சியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1885 இல் அப்பகுதியில் வாந்திபேதி நோய் பரவிப் பலரைக் கொன்றது. அந்நோய் பற்றி ஆராய்ந்து அறிக்கை தருமாறு சரகோசா மாகாண நிருவாகம் கேட்டது. அப்பணிக்கு நன்றியாக அவர்கள் கொடுத்த பரிசு, ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த உயர்ந்த நுணுக்குக்காட்டி. வேறெந்தப் பரிசும் அவரை அவ்வளவு மகிழ்வித்திராது. நல்ல கருவி கைக்கு வந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை.

இனி, அவர் எதைக் கண்டார் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உயிர்களின் உடல் கலங்களால் ஆனது என்பதை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டுவிட்டனர். தோல், தசை, ஈரல் என எதை எடுத்துப் பார்த்தாலும் தனித்தனிக் கலங்கள் தெரிந்தன. மூளை ஒன்றே இவ்விதிக்கு அடங்காமல் நின்றது. அங்கே கலங்களிலிருந்து புறப்படும் நுண்ணிய நார்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் பின்னிக் கிடந்தன. எது எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என எவராலும் காண இயலவில்லை. ஆகவே மூளை முழுவதும் இடைவெளியின்றி ஒட்டிப் பிணைந்த ஒரே வலை என்று பேரறிஞர் பலர் முடிவு செய்தனர்.

இந்த இருளில் முதல் விளக்கை ஏற்றியவர் இத்தாலியரான கமிலோ கொல்கி. உங்கள் உயிரியற் பாடநூலில் கலத்தின் உள்ளே கொல்கி உபகரணம் என ஒன்றைப் படித்திருப்பீர்கள். அதற்குப் பெயர் தந்தவர் இவரே. 1873 இல், வைத்தியசாலை ஒன்றின் சமையலறையை ஆய்வுகூடமாக்கி உழைத்த கொல்கி, புதிய சாயமூட்டும் முறையொன்றைக் கண்டறிந்தார். மூளைத் துண்டை முதலிற் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் ஊறவைத்து இறுக்கி, அதன்பின் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இடவேண்டும். அப்போது உண்டாகும் வெள்ளிக் குரோமேற்று ஆயிரக்கணக்கான கலங்களுள் ஒருசில கலங்களுக்குள் மட்டுமே புகுந்து, அவற்றை நுனிவரை கருமையாக்கும். மஞ்சள் நிறப் பின்னணியில் அக்கலங்கள் கறுப்பு மையாற் கீறியவை போலத் துலங்கும். எல்லாக் கலங்களும் கறுத்தால் ஒன்றுமே தெரியாது. சில மட்டும் கறுப்பதாலேயே யாவும் தெரிகின்றன. எந்தக் கலம் கறுக்கும், எது கறுக்காது என்பதன் காரணம் இன்றுவரை முற்றாக விளங்கவில்லை.

இம்முறை சொன்னபடி கேட்பதன்று. ஒருநாள் வாய்க்கும், மறுநாள் கெடும். ஆகையால் இத்தாலிக்கு வெளியே பலர் அதைக் கைவிட்டனர். கொல்கியோ தாம் கண்ட அற்புதக் காட்சியையும் வலைக் கொள்கைக்கு இசையவே விளங்கிக்கொண்டார். கருவி அவருடையது, அக்கருவி காட்டிய பொருளை அறிந்தவர் வேறொருவர். விஞ்ஞானத்தில் இது புதிதன்று.

1887 இற் பரீட்சகராக மட்றிட் சென்ற கஹாலுக்கு, லூயிஸ் சிமாரோ என்ற வைத்தியர் தம் வீட்டில் வைத்து, கொல்கி முறையிற் சாயமூட்டிய மூளைச் சீவல்களைக் காட்டினார். அம்முறையைச் சிமாரோ பாரிஸில் அறிந்து வந்திருந்தார். கஹால் அன்று பார்த்ததை வாழ்நாளில் மறக்கவில்லை. அதே ஆண்டு பார்சலோனாப் பல்கலைக்கழகத்தில் இழையவியற் பேராசிரியராகப் பொறுப்பேற்றதும், வேறெல்லாவற்றையும் விட்டு இம்முறையைப் பிடித்துக்கொண்டார். சதுரங்கம் ஆடுவதில் அவருக்கிருந்த பெரும் மோகத்தையும் அந்நாட்களில் உதறிவிட்டார் என்பர்.

அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. கரைசல்களில் ஒருமுறை ஊறவைப்பதற்குப் பதிலாக இருமுறை ஊறவைத்தார். சாயம் நன்கு பிடித்தது. இரண்டாவது மாற்றம் மதிநுட்பமானது. யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலியைப் பார்த்த பெற்றோருக்கு அது எளிதில் விளங்கும். பத்து ஆண்டு வளர்ந்த வேலியில் எந்தக் கிளை எந்த மரத்தினது என்று சொல்ல முடியுமா? கதியால் நட்டுத் துளிர்விட்ட புதிதிற் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்து நிற்பது தெரியும். கஹாலும் அதையே செய்தார். வளர்ந்த விலங்கின் மூளையை விட்டு, முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் மூளையையும் பிறந்த புதிதிலுள்ள சிறு விலங்குகளின் மூளையையும் எடுத்தார். அங்கே நார்கள் குறுகியவை. சாயத்தைத் தடுக்கும் மயலின் கவசம் இன்னும் உருவாகாதவை. காட்சி தெளிந்தது.

பறவையின் சிறுமூளையில் அவர் கண்டது இது. ஒரு கலத்தின் நீண்ட நார் வேறொரு பெரிய கலத்தை அடைந்து, அதைக் கூடைபோலச் சூழ்ந்து, அங்கேயே முடிந்துவிடுகின்றது. அக்கலத்தோடு ஒட்டிப் போகவில்லை. வேறொரு வகை நார், கமுகமரத்தில் வெற்றிலைக்கொடி ஏறுவதுபோல, பெரிய கலத்தின் கிளைகளைப் பற்றி ஏறுகின்றது. அதுவும் ஒட்டிப் போகவில்லை. கொடி வேறு, மரம் வேறு. அவர் பார்த்த இடமெங்கும், விழித்திரையிலும் முண்ணாணிலும் மணம் அறியும் பகுதியிலும், இதே உண்மை தோன்றியது. மூளையும் தனித்தனிக் கலங்களால் ஆனதே. செய்தி ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடுகையாற் செல்கின்றது.

நீதியின் பொருட்டு ஒன்று சொல்ல வேண்டும். நரம்புக்கலங்கள் தனித்தவை என்ற எண்ணத்தை வில்ஹெல்ம் ஹிஸ், ஓகுஸ்ற் ஃபோரெல் ஆகிய இருவரும் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னரே வெளியிட்டிருந்தனர். அவர்கள் கருதியதைக் கண்ணாற் காணுமாறு செய்தவர் கஹால்.

கண்டதை வெளியிட வேண்டுமே! கஹாலிடம் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. வேறு இதழ்களை நம்பிக் காத்திருக்க மனமின்றித் தாமே ஓர் ஆய்விதழைத் தொடக்கினார். 1888 ஆம் ஆண்டு மே மாதம் அதன் முதல் இதழ் வெளிவந்தது. அச்சிட்டவை அறுபது பிரதிகள் மட்டுமே. அச்சுக்கூலியும் படங்களுக்கான செலவும் அவருடைய குடும்பப் பணம். கட்டுரைகளை எழுதியவரும் அவரே, படங்களை வரைந்தவரும் அவரே. அறுபது பிரதிகளிற் பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அவநம்பிக்கையே வந்திருக்கும். அக்காலத்தில் உயிரியலின் மொழி ஜேர்மன். அடுத்து பிரெஞ்சு, ஆங்கிலம். ஸ்பானிய மொழியில் ஆராய்ச்சியா என்று வியப்போரே அதிகம். ஸ்பெயினிற் பெரிய ஆய்வுகூடம் இல்லை, பெயர் பெற்ற ஆசிரியர் இல்லை. அங்கிருந்து ஒருவர் எழுந்து ஐரோப்பாவின் பேராசிரியர் பலர் பிழையாகச் சொல்கின்றார்கள் என்றால் யார் செவிசாய்ப்பர்? இதழைப் பிரித்துப் படம் பார்த்தவர்களும், இவ்வளவு தெளிவான படம் கற்பனையாகவே இருக்கவேண்டும் என எண்ணியிருக்கக் கூடும்.

இந்நிலையில் மனிதர் இரண்டு விதமாக நடந்துகொள்வர். உலகத்தைச் சபித்துவிட்டுத் தம் வட்டத்துக்குள் இருந்துவிடுவது ஒன்று. தம் மொழியைக் கைவிட்டுவிடுவது மற்றொன்று. கஹால் இரண்டையும் செய்யவில்லை. ஸ்பானிய மொழியில் எழுதுவதை நிறுத்தாமலே, கட்டுரைகள் சிலவற்றைப் பிரெஞ்சில் ஆக்கி வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பினார். அதுவும் போதாதென்று கண்டதும், கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தாமே புறப்பட்டார்.

1889 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பேர்லின் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் உடற்கூற்றியற் சங்கத்தின் மகாநாடு நடைபெற்றது. முப்பத்தேழு வயதுக் கஹால், சொந்தச் செலவில், தம்முடைய சைஸ் நுணுக்குக்காட்டியையும் காவிக்கொண்டு அங்கு போய்ச் சேர்ந்தார். ஜேர்மன் மொழியில் உரையாற்ற அவரால் இயலாது. தெரிந்த பிரெஞ்சும் தட்டுத்தடுமாறும் பிரெஞ்சு. செயல்முறை விளக்கத்துக்கான மண்டபத்தில் யன்னல் வெளிச்சம் விழும் மேசையில் நுணுக்குக்காட்டிகளை ஒழுங்குபடுத்தி, மிகச் சிறந்த சீவல்களை அவற்றிற் பொருத்திவிட்டுக் காத்து நின்றார். சிலர் எட்டிப் பார்த்தனர். அவர்கள் முகத்தில் ஏளனமே இருந்தது. ஆனால் குனிந்து நோக்கியவர்கள் நிமிரத் தாமதித்தனர். ஒருவர் மற்றவரை அழைத்தார். அவர் எப்படிச் சாயமூட்டினார், எந்த வயது விலங்கு, எத்தனை நாள் ஊறவைத்தார் எனக் கேள்விகள் எழுந்தன. முறிந்த பிரெஞ்சில் ஒன்றையும் மறைக்காமல் விடை சொன்னார் கஹால்.

அங்கே வந்திருந்தவர்களுள் மூத்தவர் அல்பேர்ட் வொன் கோலிக்கர். எழுபத்திரண்டு வயது, இழையவியலின் பிதாமகர் என மதிக்கப்பட்டவர். வலைக் கொள்கையையே அதுவரை ஏற்றிருந்தவர். கஹால் அவரைக் கைப்பிடித்து வந்து தம் நுணுக்குக்காட்டியின் முன் நிறுத்தினார். ஒவ்வொரு சீவலாகப் பார்த்து முடித்த முதியவர், அவரைத் தமது வண்டியில் ஏற்றிச் சென்று, விருந்தளித்து, மற்ற அறிஞர்களுக்கும் அறிமுகம் செய்துவைத்தார். வூர்ஸ்பேர்க் நகருக்குத் திரும்பியதும் கஹாலின் முறையைத் தாமே செய்து பார்த்துச் சரியெனக் கண்டு, தம் பழைய கருத்தை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். அதற்கும் மேலாக, கஹாலின் கட்டுரைகளை மூலத்தில் வாசிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிய மொழியைக் கற்றார். வேறெதைச் சொல்லாவிட்டாலும் இந்த ஒன்றை என் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன்.

திரும்பும் வழியில் இத்தாலியின் பாவியா நகரில் இறங்கிக் கொல்கியைக் காண முயன்றார் கஹால். கொல்கி அப்போது ஊரில் இருக்கவில்லை. அன்று அச்சந்திப்பு நடந்திருந்தால் பின்னர் விளைந்த மனக்கசப்பிற் பாதியாவது குறைந்திருக்கும் என்றே தோன்றுகின்றது.

பேர்லினுக்குப் பின் காரியங்கள் விரைவாக நடந்தன. வளரும் நரம்பு நாரின் நுனியில் வழிதேடிச் செல்லும் சிறு கூம்பு போன்ற பகுதி உண்டென்பதை 1890 இல் குஞ்சின் முண்ணாணிற் கண்டு எழுதினார். உயிருள்ள நார் அவ்வாறே வளர்வதை அமெரிக்கரான றொஸ் ஹரிசன் 1907 இல் தவளையின் இழையத்தைக் கொண்டு காட்டினார். செய்தி நரம்புக்கலத்தின் கிளைகளால் உள்ளே வந்து, நீண்ட நாரால் வெளியே செல்கின்றது என்ற விதியையும் கஹால் வகுத்தார். அவருடைய படங்களிற் சிறு அம்புக்குறிகளைக் காண்பீர்கள். அவை அத்திசையைச் சுட்டுவன.

1891 இற் பேர்லின் பேராசிரியர் வில்ஹெல்ம் வால்டெயர் கஹால் முதலியோரின் முடிவுகளைத் தொகுத்து ஜேர்மன் மொழியிற் கட்டுரைத் தொடரொன்று எழுதி, நரம்புக்கலத்துக்கு நியூரோன் என்னும் பெயரைச் சூட்டினார். அப்பெயர் உலகெங்கும் பரவியது. வால்டெயர் தாமாக அத்துறையிற் புதிதாக எதையும் கண்டவரல்லர். ஆனாலும் நியூரோன் கொள்கை என்றதும் பலர் அவர் பெயரையே முதலில் எழுதினர். ஜேர்மன் மொழித் தொகுப்பு எல்லார் கைக்கும் கிடைத்தது. அறுபது பிரதிகள் அச்சான ஸ்பானிய இதழ் கிடைக்கவில்லை. யார் பெயர் எடுத்துக்காட்டப்படுகின்றது என்பதற்கும் யார் கண்டார் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சில வேளைகளில் இவ்வளவு பெரியது.

கஹால் இதற்கும் மறுமருந்தாக எழுத்தையே கைக்கொண்டார். 1892 இல் ஸ்பானிய மொழியில் ஆற்றிய விரிவுரைகள் 1893 இல் ஜேர்மன் மொழியிலும் 1894 இல் பிரெஞ்சிலும் வெளிவந்தன. பிரெஞ்சில் ஆக்கியவர் லியோன் அசூலே என்ற வைத்தியர். 1894 இல் இலண்டன் றோயல் சங்கம் தனது குரோனியன் விரிவுரையை ஆற்றுமாறு அவரை அழைத்தது. அங்கே சாள்ஸ் ஷெரிங்ரனின் வீட்டிற் தங்கினார். கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலான தொடுகைக்குச் சினாப்ஸ் என்ற பெயரை 1897 இல் வழங்கியவர் இதே ஷெரிங்ரன்.

1892 இல் மட்றிட் பல்கலைக்கழகத்துக்கு மாறிய கஹால், அங்கே தம் வாழ்நாட் பணியை ஒரு பெருநூலாக்கினார். மனிதனதும் முதுகெலும்புள்ள விலங்குகளதும் நரம்புத் தொகுதியின் அமைப்பை விளக்கும் அந்நூல் 1899 முதல் 1904 வரை ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. அதை அசூலே பிரெஞ்சில் ஆக்கினார். புதிய கண்டுபிடிப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ ஈராயிரம் பக்கங்களாக விரிந்த பிரெஞ்சுப் பதிப்பு 1909, 1911 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதன்பின் வந்தோர் அவரை எடுத்துக் காட்டும்போதெல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சுப் பதிப்பையே சுட்டினர். அசூலே போன்ற மொழிபெயர்ப்பாளரின் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, நாமாவது வைத்திருப்போம்.

1906 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஸ்ரொக்ஹோமில் இருவரும் முதன்முறையாக நேரிற் சந்தித்தனர். டிசெம்பர் 11 ஆந் திகதி கொல்கி தமது பரிசுரையை நியூரோன் கொள்கையைத் தாக்குவதற்கே பயன்படுத்தினார். பக்கத்தில் இருந்தவரின் வாழ்நாட் பணி அது. மறுநாள் உரையாற்றிய கஹால் தாம் கண்டவற்றை அமைதியாக எடுத்துரைத்தார்; கொல்கியின் முறைக்கு உரிய மதிப்பையும் கொடுத்தார். ஒரே கருவியைக் கொண்டு ஒரே பொருளைப் பார்த்த இருவர், எதிரெதிரான முடிவுகளோடு ஒரே பரிசைப் பெற்றது அப்பரிசின் வரலாற்றில் மறக்க முடியாத நிகழ்ச்சி.

யார் சொன்னது சரி என்பதைத் தீர்க்க அக்காலத்து நுணுக்குக்காட்டிக்கு வலுவில்லை. 1950 களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின்னரே, இரண்டு கலங்களுக்கு இடையே சினாப்ஸில் ஏறத்தாழ 20 நனோமீற்றர் அகலமான இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கஹால் அதைக் காணவில்லை. இருக்கவேண்டும் என்று அறிந்திருந்தார். சில இடங்களில் இரு கலங்களை நுண்ணிய கால்வாய்கள் இணைப்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே கொல்கியை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. கஹாலும் எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னவரல்லர். வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் மாறாதவை என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வு அதைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறது.

அவர் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளைத் தந்தவர். ஆயினும் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் அந்தப் படங்கள்தாம். ஆயிரக்கணக்கில் வரைந்தார். பல சீவல்களிற் கண்டவற்றை மனத்தில் இருத்தி, ஒரே படத்திற் சேர்த்து வரைவது அவர் வழக்கம். தந்தை பறித்தெடுத்த தூரிகை பல ஆண்டுகளுக்குப் பின் வேறுருவிற் கைக்கு வந்துவிட்டது. நரம்பியற் பாடநூல்கள் இன்றும் அப்படங்களை அச்சிடுகின்றன.

மட்றிட்டில் அவரைச் சுற்றி ஒரு மாணவர் பரம்பரை வளர்ந்தது. தெல்லோ, அச்சூக்கரோ, தெல் ரியோ ஓர்த்தேகா, தே காஸ்த்ரோ, லொரென்தே தே நோ என்போர் அவர்களுட் சிலர். ஆய்வுகூடத்தின் சொந்த இதழை நெடுங்காலம் ஸ்பானிய மொழியில் நடத்திய கஹால், முதுமையில், 1920 களில், அதைப் பிரெஞ்சில் வெளியிடச் செய்தார். அம்முடிவு அவருக்கு எளிதாக இருந்திராது. தம்முடைய மாணவரின் கண்டுபிடிப்புகளும் வாசிப்பாரின்றிக் கிடப்பதை அவர் பொறுக்கவில்லை என்றே நான் கருதுகின்றேன். 1930 இல் மனைவியை இழந்தார். 1933 இல், எண்பத்தொரு வயதில், வலைக் கொள்கை மீண்டும் தலைதூக்குவதைக் கண்டு, நியூரோன் கொள்கைக்கான சான்றுகளையெல்லாம் திரட்டி இன்னுமொரு முறை எழுதினார். 1934 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17 ஆந் திகதி மட்றிட்டிற் காலமானார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்ததும் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் கட்டி வளர்த்த ஆய்வுப் பரம்பரை சிதறியது. மூளையின் நுண்பசைக்கலங்களை 1919 இல் வேறுபடுத்திக் காட்டிய தெல் ரியோ ஓர்த்தேகா பாரிஸுக்கும் பின்னர் ஒக்ஸ்போட்டுக்கும் போய், ஈற்றில் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸில் 1945 இல் இறந்தார். மட்றிட்டில் நின்றவர்களுள் தே காஸ்த்ரோ போர்க்காலத்தில் ஆய்வுகூடத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார். புத்தகங்களும் கருவிகளும் எரிவது எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் இவ்வாசகர்களுள் பலர் உண்டு. கஹாலின் சீவல்களும் படங்களும் அப்போரிலிருந்து தப்பின. அவருடையதும் அவர் மாணவருடையதுமான அந்தச் சுவடிகளை யுனெஸ்கோ நிறுவனம் 2017 இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

கஹாலின் பெருநூலுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 1995 ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதுவும் அசூலேயின் பிரெஞ்சுப் பதிப்பின் வழியாகவே வந்தது. ஸ்பானிய மூலத்திலிருந்து நேரே செய்த ஆங்கிலப் பதிப்பு 1999 இல் வரத் தொடங்கியது. மூலம் வெளிவரத் தொடங்கிய 1899 ஐ நோக்க, சரியாக நூறு ஆண்டுகள். பறவையின் சிறுமூளை பற்றி 1888 மே மாதத்தில் அறுபது பிரதிகளில் அச்சான அந்தக் கட்டுரையை நரம்பியலாளர் இன்றும் தம் கட்டுரைகளில் அதன் ஸ்பானியத் தலைப்போடேயே குறிப்பிடுகின்றனர்.